பழ ஈக்குப் பங்குனி, பொறிக்கு ஆவணியா?

ஏனாத்தூர் என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கல்லூரிகள்தான் நினைவுக்கு வரும். 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா, அதையொட்டி வந்த விடுதிகள், டீக்கடைகள், ஜெராக்ஸ் கடைகள், அப்புறம் வெள்ளையடித்த மனைக்கற்கள். அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும் மாமரங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இது நெல்லும் நெசவுமாக வாழும் வட்டாரம். கிருஷ்ணகிரியைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்பு கிடையாது. இங்கே ஒரு சின்னத் தோப்பு, அங்கே கொல்லையில் நாலு மரம், கிணற்றடியில் ஒன்று, அவ்வளவுதான். பரப்பு சிறியது என்பதால் குறையும் சிறியதாகவே பார்க்கப்படுகிறது.

குறை இதுதான்: மாமரத்துப் பூச்சிகள் நாள் பார்த்து வருகின்றன. எந்த மாதம் எது வரும், அதுவரை எங்கே ஒளிந்திருக்கும், எப்போது போகும் என்பதெல்லாம் நூறு வருடமாக எழுதிவைத்த சங்கதி. பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1914-லேயே தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றித் தடித்த புத்தகம் போட்டுவிட்டார். மதராஸ் அரசாங்கத்தின் பூச்சியியலாளராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-இல் விவசாயப் பூச்சிகளுக்கென்றே கையேடு எழுதினார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்க் கையேட்டைப் புரட்டினாலும் எல்லாம் இருக்கிறது. ஆனால் தோப்புக்காரனுக்கு வரவேண்டிய எச்சரிக்கையும் பொறியும் மானியமும் மட்டும் எந்தப் பஞ்சாங்கத்தையும் பார்க்காமல் வருகின்றன. பல வருடம் வருவதே இல்லை.

மார்கழியில் மரம் மொட்டு விடுகிறது. அதுவரை பட்டை வெடிப்பிலும் அடர்ந்த கிளை நிழலிலும் பதுங்கியிருந்த தத்துப்பூச்சி பூங்கொத்துக்குக் குடிபெயர்கிறது. தை மாதக் காலையில் ஒரு கொத்தை உலுக்கிப் பாருங்கள். ஆப்பு வடிவத்தில், அரிசி மணியைவிடச் சின்னதான சாம்பல் பூச்சிகள் பக்கவாட்டில் ஓடி விசுக்கென்று தெறிக்கும். கூட்டம் மிஞ்சிப்போன தோப்பில் நடந்தால், அவை இலைமேல் விழுந்து எழும் சத்தம் தூறல் போடுவது போலக் கேட்கும். பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தித்திப்பான பிசுக்காக வெளியே விடும். ‘தேன் விழுது’ என்பார்கள். கீழ்இலையெல்லாம் பளபளக்கும், தொட்டால் கை ஒட்டும். கொஞ்ச நாளில் அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர்ந்து பூ கறுத்துவிடும். அப்புறம் அந்தக் கொத்தில் பிஞ்சு பிடிக்காது.

இதைத் தடுக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பூங்கொத்து வெளியே நீளத் தொடங்கும்போது ஒரு தெளிப்பு, தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. பூ முழுக்க விரிந்தபின் அடித்தால் தத்துப்பூச்சியோடு மகரந்தம் சுமக்கும் பூச்சியும் சேர்ந்து சாகும். மாமரத்துக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தேனீகூட இல்லை, சாதாரண ஈக்கள். இந்த இரண்டு வாரத்தைச் சரியாகப் பிடித்தவனுக்கு விளைச்சல் உண்டு. தவறவிட்டவன் மேலும் மேலும் மருந்தடித்துக் கடன்படுகிறான். இந்த வாரம் அடி, அல்லது இந்த வாரம் அடிக்காதே என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள்தான் இல்லை.

மாசியில் பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வரும்போது மாங்கொட்டை வண்டு இறங்குகிறது. நகரத்தில் நீலமோ கிளிமூக்கோ வாங்கி அறுத்தவர்களுக்கு இது தெரியும். வெளியே ஒரு கீறல் இருக்காது. கொட்டையைப் பிளந்தால் உள்ளே கறுத்த வண்டு உட்கார்ந்திருக்கும். பிஞ்சுத் தோலில் முட்டையிடுகிறது. பொரித்த புழு இளஞ்சதை வழியாகக் கொட்டைக்குள் போய்விடுகிறது. பழம் வளர வளரப் போன வழி தூர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரே தலைமுறைதான். வெளியே வந்த வண்டு அடுத்த பூப்பருவம் வரை பட்டை இடுக்கில் அசையாமல் கிடக்கும். அதிக தூரம் பறக்கக்கூட மாட்டாது. ஊர்விட்டு ஊர் அதைக் கொண்டு போவது நாம் வீசியெறியும் கொட்டைதான். கோடையில் ஊறுகாய்க்காரர், ஜூஸ் கடைக்காரர், கல்யாண மண்டபம் என்று எல்லோரும் கொட்டும் மாங்கொட்டைக் குவியலைக் குப்பை வண்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையே வெயில் காய ஆரம்பித்ததும் இலைப்பேன். பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சொறி பிடிக்க வைத்துவிடும், வியாபாரி அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். கிருஷ்ணகிரி விவசாயிகள் அண்மை ஆண்டுகளில் இலைப்பேனைச் சொல்லித்தான் இழப்பீடு கேட்டு அலைந்தார்கள். ஆடிக்குப் பிறகு இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் புழு வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து எரித்தாலே போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பழ ஈ. காய் முற்றத் தொடங்கும் பங்குனிக் கடைசியில் எண்ணிக்கை ஏறும், வைகாசி, ஆனியில் உச்சம். பெண் ஈ காயின் தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி வைத்து உள்ளே முட்டையிடும். அந்த இடத்தில் ஒரு துளி பால் வடிந்து காய்ந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பழுக்க வைத்தபின் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்கும். அறுத்தால் வெள்ளைப் புழுக்கள். முற்றிய புழு உடம்பை வளைத்துத் துள்ளவும் செய்யும். விழுந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாகக் கிளம்பும். ஆக, மரத்தடியில் அழுகிக் கிடக்கும் ஒவ்வொரு பழத்திலிருந்தும் அடுத்த தலைமுறை எழும்புகிறது.

இந்த ஈக்கு மருந்து இங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. பீகாரின் பூசாவில் வேலைபார்த்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளரின் அண்டை வீட்டுக்காரர் கொசுவுக்காகச் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளித்துக்கொள்ள, பழ ஈக்கள் கூட்டமாக வந்து மொய்த்தனவாம். அதைத் துருவிப்போன ஹவ்லெட் 1912-இல் கட்டுரை எழுதினார், பிறகு மெத்தில் யூஜினால் என்ற பொருளில் போய் நின்றார். ஆண் ஈ இந்த வாசனைக்குக் கண்மண் தெரியாமல் ஓடிவரும். (துளசியிலும் இந்தப் பொருள் உண்டு. வரதராஜப் பெருமாளுக்கு மாலை கட்டும் ஊரில் துளசிக்கா பஞ்சம்? கசக்கிக் கொட்டாங்கச்சியில் வைத்தாலே சில ஈக்கள் எட்டிப் பார்க்கும்.) வாசனையோடு கொஞ்சம் பூச்சிமருந்து சேர்த்து, ஹெக்டேருக்கு 25, அதாவது ஏக்கருக்குப் பத்துப் பொறி. காலித் தண்ணீர் பாட்டிலில்கூடச் செய்யலாம். அமெரிக்கர்கள் 1960-களில் பசிபிக்கின் ரோட்டா தீவில் இதே வழியில் ஈயை ஒழித்தார்கள். ஜப்பான் தன் தென்மேற்குத் தீவுகளிலிருந்து 1986-க்குள் துடைத்தெடுத்தது. இங்கே தீவு கிடையாது. கொய்யா இருக்கிறது, பக்கத்து ஊர் இருக்கிறது, ஆகையால் ஒழித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. குறைக்கலாம், நன்றாகவே குறைக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு: ஊர் முழுக்க ஒரே சமயத்தில் மாட்ட வேண்டும், காய் முற்றுவதற்கு முன்பே மாட்ட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் நம் நிர்வாகம் சறுக்குகிறது. மாமரத்தின் வருடம் ஆடியில் அறுவடை முடிந்ததும் தொடங்கி, அடுத்த ஆனியில் முடிகிறது. அரசாங்கத்தின் வருடம் ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. பொறி மாட்ட வேண்டிய நாளோ மிகச் சரியாக இந்த இரண்டு நிதியாண்டுகளின் இடுக்கில் விழுகிறது. மார்ச்சில் கேட்டால் இந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்பார்கள். ஏப்ரலில் கேட்டால் புது வருடத்துக்கு ஆணை வரவில்லை. ஆணை வந்து, கொள்முதல் நடந்து, பயனாளி பட்டியல் ஒப்புதலாகி, ஆதார் நகலும் அடங்கல் நகலும் வாங்கி முடிப்பதற்குள் தோப்பில் காய் இருக்காது. ஆவணியில் கையில் கொடுத்த பொறி அடுத்த பங்குனிக்கு உதவுமா? வாசனை பறந்துபோன பொறியை என்ன செய்வது, மாட்டுக்கொட்டகையில் தொங்கவிடலாம்.

இதில் யாருடைய அலட்சியத்தையும் தேட வேண்டாம். கீழ்மட்ட அலுவலர் ஒருவர் பல கிராமங்களைச் சுமக்கிறார். நெல்லுக்கே நேரம் போதவில்லை. தவறு முறையில் இருக்கிறது, அதைத் திருத்த ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. மாம்பொறியை முந்தைய நிதியாண்டின் பணத்தில் டிசம்பர், ஜனவரியிலேயே வாங்கிப் பிப்ரவரி முடிவதற்குள் தோப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சுற்றறிக்கையால் ஆகிற காரியம்.

முதல் நிபந்தனை இன்னும் சிக்கல். ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரிகள் வந்தபின் மனை விலை ஏறியது. தோப்பாக இருந்த இடங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலர் சென்னையில் இருக்கிறார்கள். வீடு கட்டவில்லை, மரத்தையும் வெட்டவில்லை. அந்த மரம் வருடம் தவறாமல் காய்க்கிறது, பழம் கொட்டுகிறது, அழுகுகிறது. பக்கத்தில் நாலு மரத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர் எத்தனை பொறி மாட்டினாலும், வேலிக்கு அப்பால் ஆளில்லாத மனையிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும். அவருக்கு அந்த மனைக்குள் கால் வைக்க உரிமை கிடையாது, உரிமையாளரின் போன் நம்பரும் கிடையாது. இது ஒரு விவசாயியின் தனிப்பட்ட கஷ்டம் இல்லை. சாக்கடை, கொசு மாதிரி ஊர்ப் பொதுப் பிரச்னை.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1919-ஆம் ஆண்டின் விவசாயப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம், அந்தக் காலத்து மதராஸ் மாகாணம் இயற்றியது. ஒரு பகுதியில் ஒரு பூச்சி பயிருக்குக் கேடு என்று அரசு அறிவிக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடலாம். நிலத்தை வைத்திருப்பவர் செய்யாவிட்டால் அலுவலரே உள்ளே போய்ச் செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். கோவைப் பக்கம் பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்கியே தீர வேண்டும் என்று இந்தச் சட்டத்தை வைத்துத்தான் கட்டாயப்படுத்தினார்கள். பூச்சி வேலி பார்ப்பதில்லை என்பதை நூறு வருடத்துக்கு முந்தைய அதிகாரிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை உதிர்ந்த மாம்பழத்தை அப்புறப்படுத்துவது மனை வைத்திருப்பவரின் கடமை என்று இந்தச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை வந்தால், முதல் வருடம் யாருக்கும் அபராதம் போடாமலே பாதிப் பேர் ஆள் வைத்துப் பொறுக்கிவிடுவார்கள்.

இப்போது பூச்சிக்கு ஆலோசனை சொல்பவர் யார்? மருந்துக்கடைக்காரர்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன், காலை ஏழு மணிக்குக் கடை திறந்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே. “பூ கருகிப்போச்சுண்ணா” என்று போய் நின்றால், அவர் திருப்பிக் கேட்பது “எத்தினி டேங்க் அடிப்பே?” என்பதைத்தான். தத்துப்பூச்சியா, இலைப்பேனா, சாம்பல் நோயா என்று பார்க்க அவர் தோப்புக்கு வரப் போவதில்லை. இரண்டு மூன்றைக் கலந்து கொடுப்பார். தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்தவருக்கும் அது வசதி. அவருக்கு மரத்தோடு உறவு ஒரே ஒரு பருவம். கவாத்து செய்து கிளைக்குள் வெயில் இறங்கவிட்டால் தத்துப்பூச்சிக்கு ஒளிய இடமிருக்காது, அடுத்த வருடம் மருந்துச் செலவு குறையும். ஆனால் அடுத்த வருடம் அவர் வேறு தோப்பில் இருப்பார். நிலத்துக்காரரோ குத்தகைப் பணம் வந்தால் சரி என்று இருந்துவிடுகிறார். இந்த இருவருக்கும் நடுவில் மரத்துக்கென்று யாருமில்லை. கடைசியில் அந்த மருந்தெல்லாம் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட் வழியாக நம் வீட்டுக்குத்தான் வருகிறது.

சாப்பிடுகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே வேகம் பிறக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. காரணம், சரக்கில் பழ ஈப் புழு. உடனே ஏற்றுமதிக் கூடங்களில் 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மூழ்கவைக்கும் ஏற்பாடு, சான்றிதழ், சோதனை எல்லாம் முடுக்கிவிடப்பட்டன. அடுத்த ஜனவரியிலேயே தடை நீங்கியது. ஐரோப்பியச் சோதனையில் சிக்கிய அதே புழுதான் காஞ்சிபுரத்துப் பழத்திலும் இருக்கிறது.

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. பட்டு நெய்யும் ஊருக்கு ஒரு நிகழ்ச்சி நினைவிருக்க வேண்டும். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து இறங்கியது. பப்பாளி, மரவள்ளி, அப்புறம் பட்டுப்புழு தின்னும் மல்பெரி என்று தமிழ்நாட்டை ஒரு வழி பண்ணியது. அடித்த மருந்தெல்லாம் வீண். 2010-இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு கடுகத்தனை குளவியை வரவழைத்தது. வேளாண் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் அதை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒருவர் தன் காட்டில் விட்ட குளவி பத்துப் பேர் காட்டைக் காப்பாற்றியது. பூச்சியை ஊர்க் காரியமாக எடுத்துச் செய்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாள்காட்டி தெரிந்ததுதானே, ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முன்பு போதுமாக இருந்தது, இப்போது போதாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். மழை இப்படித் தள்ளிப்போய்க் கொட்டினால் மண் காய்வதில்லை. பூவுக்குப் பதில் மரம் கொழுந்து விடும், பூ இரண்டு மூன்று தவணையாக வரும். தத்துப்பூச்சிக்கு விருந்து நீள்கிறது. மாதம் பழைய மாதம்தான், வாரம் மாறிவிடுகிறது. அந்த வாரத்தைச் சொல்ல உள்ளூரில் கண் வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் 2024-இல் நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சியைப் படம் பிடித்து அனுப்பினால் பதில் சொல்லும் தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியை மத்திய அரசு தொடங்கியது. நல்லதுதான். ஆனால் செயலியைத் திறப்பவர் ஏற்கெனவே பூச்சியைப் பார்த்துவிட்டவர். அவருக்கு ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டியதை யார் சொல்வது?

கல்லூரி நிறைந்த ஊரில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. மார்கழி முதல் ஆனி வரை வாரம் ஒரு நாள் குறித்த சில மரங்களில் கொத்துக்கு எத்தனை தத்துப்பூச்சி, பொறிக்கு எத்தனை ஈ என்று எண்ணுவது மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. அந்த எண்ணை ரேஷன் கடைப் பலகையில் எழுதினால் போதும். எண்ணிக்கை எல்லை தாண்டாத வாரத்தில் ‘அடிக்க வேண்டாம்’ என்று எழுதுவது அதைவிட முக்கியம். கவாத்துக்கு வாள், உயர மரத்துக்கு எட்டும் விசைத்தெளிப்பான் ஆகியவை வேளாண் பொறியியல் துறையின் வாடகை வழியாகக் கிடைத்தால், நாலு மரக்காரரும் நாற்பது மரக்காரரும் ஒரே வாரத்தில் முடித்துக்கொள்ளலாம். உதிர்ந்த பழத்தைத் தூய்மைக் காவலர்கள் தனியாக வாங்கி ஆழக் குழியில் புதைக்க மூன்று மாதத்துக்கு மட்டும் ஏற்பாடு வேண்டும், அதற்குரிய கூடுதல் கூலியோடு.

கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. யாரோ மாமரத்தைப் பார்த்துத்தான் அந்தத் தேதிகளைக் குறித்தார்களோ என்னவோ. ஆகஸ்ட் 15, கவாத்துக்கு நேரம். அக்டோபர் 2-இலும் நவம்பர் 1-இலும் பொறிக்குத் தேவைப்பட்டியல் எடுத்துவிடலாம். ஜனவரி 26-இல் மரம் பூவில் நிற்கும், மார்ச் 22-இல் பொறி தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், மே 1-இல் பழக்குழி வெட்டியிருக்க வேண்டும். ஏனாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்கள் வரும் ஆகஸ்ட் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி, ஆளில்லாத மனைகளின் சர்வே எண்களையும் இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் நலன் காக்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். அங்கே கேட்க வேண்டியவை இரண்டுதான்: 1919 சட்டத்தின் கீழ் பழ ஈயை அறிவிக்க மாவட்டத்திலிருந்து அரசுக்குப் பரிந்துரை எந்தத் தேதியில் போகும்? பொறிக் கொள்முதல் ஆணையில் ‘பிப்ரவரி 28-க்குள் தோப்பில் ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரி இருக்குமா?